ஜேசிபி வீடியோவை இரண்டு மணி நேரம் பார்க்கிறவனுக்குக் கவனக் குறைபாடா?

ஈரோட்டு அம்மா:

மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து நாலு தண்ணீர் பாட்டில் தொலைத்துவிட்டான். மிஸ் போர்டில் எழுதிப் போடுவதில் இரண்டு வரி நோட்டில் இருக்கும், மூன்றாவது வரி பாதியில் நிற்கும், அதற்குக் கீழே ஒரு ஜேசிபி படம். படத்தில் மட்டும் ஒரு பல் விடாமல் போட்டிருப்பான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒரு வருடமாக எதைச் சொன்னாலும் "முடியாது போ"தான். குளிக்கச் சொன்னால் சண்டை. தப்பெல்லாம் தங்கச்சி மேல். போன வாரம் டிபன் பாக்ஸைச் சுவரில் எறிந்தான், காலண்டர் முழுக்கத் தயிர்சாதம். "இவங்கப்பனும் இப்படித்தான் இருந்தான், தானாச் சரியாயிட்டான்" என்கிறார் மாமியார். அந்த அப்பா இன்றைக்கும் வண்டிச் சாவியைத் தேடிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறார்.

ஏடிஹெச்டி (கவனக் குறைபாடும் மிகைத் துறுதுறுப்பும்), கூடவே ஓடிடியும் (எதற்கும் எதிர்த்து நிற்கும் கோளாறு) இருக்கலாம், மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று குழந்தை டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். யூடியூபை அசையாமல் பார்க்கிறவனுக்கு இது எப்படி இருக்கும்? மாத்திரை என்றாலே பயமாக இருக்கிறது.

கரிசல்காரன்:

எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் பேரா வைத்தார்கள்? நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும். செல்லம் அதிகம்.

நாகர்கோவில் அக்கா:

கரிசல் அண்ணாச்சி, பேர் வைக்காத காலத்திலும் இது இருந்தது. லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை டாக்டர் 1902-லேயே இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார். சாத்துவதையும் நான் செய்து பார்த்தாயிற்று. ஸ்கேல் உடைந்ததுதான் மிச்சம், பிள்ளை இன்னும் முறைத்தான்.

ஈரோட்டுத் தங்கச்சி, என் மகனுக்கு இப்போது 15. அந்த யூடியூப் கேள்வியை நானும் டாக்டரிடம் கேட்டேன். கவனமே இல்லை என்பதல்ல, அதை வேண்டிய இடத்துக்குத் திருப்ப முடியவில்லை என்றார். வீடியோ அதுவாகவே பிடித்து இழுக்கும், வாய்ப்பாடு இழுக்காது.

ஒரே நாளில் முத்திரை குத்திவிட மாட்டார்கள். ஆறு மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். அதனால்தான் வகுப்பு மிஸ்ஸுக்கும் ஒரு கேள்வித்தாள் தருவார்கள். முதலில் காதையும் கண்ணையும் சோதித்துவிடுங்கள். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான், குறட்டை உண்டா என்றும் கேட்பார்கள். உங்கள் மாமியார் சொன்னதையும் மறக்காமல் சொல்லுங்கள், இது குடும்பத்தில் வரக்கூடியது. (உங்கள் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.)

ஓடிடிக்கென்று தனி மாத்திரை கிடையாது. பயிற்சியும் பிள்ளைக்கில்லை, நமக்குத்தான்! எனக்கு ரோஷமாக இருந்தது. அடுப்படியில் நின்றுகொண்டு "குளி, யூனிஃபார்ம் போடு, பையை எடு, எத்தனை தடவை சொல்றது" என்று ஒரே மூச்சில் கத்துவேன். அவன் காதில் கடைசித் திட்டு மட்டும்தான் விழும், உடனே எகிறுவான். பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, ஒன்றே ஒன்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். செய்த அந்த நிமிடமே பாராட்ட வேண்டும். முணுமுணுப்பைக் கண்டுகொள்ளக் கூடாது. தண்டனை சின்னதாக, உடனே, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். "ஒரு மாசம் டிவி கிடையாது" என்று மூன்றாம் நாள் நாமே போட்டுவிடுவோமே, அது கூடாது. முதல் இரண்டு வாரம் அவன் இன்னும் மோசமானான். விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஏடிஹெச்டிக்கு மீத்தைல்ஃபெனிடேட் கொடுத்தார்கள். சீட்டில்லாமல் கிடைக்காது, எல்லா மெடிக்கலிலும் இருக்காது. பசி குறைந்து மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வரும். அதனால் காலையில் முதலில் இட்லி, அப்புறம்தான் மாத்திரை. எடையும் உயரமும் ஒவ்வொரு முறையும் பார்ப்பார்கள். கவனம் கொஞ்சம் நின்றதும் திட்டு குறைந்தது, திட்டு குறைந்ததும் எதிர்ப்பும் பாதி அடங்கியது. எல்லாப் பிள்ளைக்கும் இப்படியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

ரிட்டயர்டு வாத்தியார்:

அம்மா, ஜன்னலோரம் உட்கார வைக்காமல் முதல் பெஞ்சில் வைக்கச் சொல்லுங்கள். வருகைப் பதிவேட்டை ஆபீசுக்குக் கொண்டுபோகும் வேலை கொடுத்தால் காலின் பரபரப்பு அடங்கும். நான் அப்படித்தான் ஒருவனைச் சமாளித்தேன். கற்றல் குறைபாட்டுக்கும் சேர்த்துச் சோதியுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் அது உண்டு, ஏடிஹெச்டி தனியாக இல்லை. பின்னால் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கும்போது அந்தச் சான்று உதவும். மனம் தளர்ந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

ஈரோட்டு அம்மா:

எல்லோருக்கும் நன்றிங்க. செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், அவங்கப்பாவும் வருகிறார். அக்கா சொன்ன மாதிரி இன்று காலை பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு "சாக்ஸ்" என்று மட்டும் சொன்னேன். முறைத்தான், போனான், ஒரு சாக்ஸோடு வந்தான். இன்னொன்று இன்னும் கிடைக்கவில்லை.