கிணற்றுத் தண்ணீரில் சலாது: இரவோடு இரவாக ஏறும் பீஎச்

உப்புவெளி_பச்சை:
எல்லோருக்கும் வணக்கம். உப்புவெளியில் வீட்டு மொட்டை மாடியில் பிவிசி குழாய் போட்டு, மண்ணில்லாமல் உரத் தண்ணீரிலேயே சலாது (லெட்டியூஸ் கீரை) வளர்க்கிறேன். 120 குழி, கீழே 100 லீற்றர் தொட்டி, பம்ப் இரவு பகலாக ஓடும், தண்ணீர் வீட்டுக் கிணறு. அல்பேர்ட் உரம் (தண்ணீரில் கரைக்கும் உரம்) கலந்து மாலையில் பீஎச்சை (தண்ணீரின் அமில, கார அளவு; ஏறினால் காரம்) 6க்குக் கொண்டு வந்துவிட்டுப் படுக்கிறேன், விடிய எழும்பிப் பார்த்தால் 7.6. திரும்ப அமிலம் விட்டால் திரும்பவும் ஏறுகிறது. இரண்டு கிழமையாக இதுதான். முதலில் தேசிக்காய்ப் புளி விட்டேன், இப்போது பொஸ்போரிக் அமிலம். குருத்து இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன், கச்சான் காற்று முடிவதற்குள் நாலு அறுவடையாவது எடுக்க வேண்டும். எங்கே பிழை விடுகிறேன்?

கடற்கரை_வீதி:
தம்பி, முதலில் மீற்றரைப் பாருங்கள். பீஎச் 7.00, 4.01 என்று குறித்த சோதனைக் கரைசல்களில் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்? முனையைக் காயவிட்டாலோ வெறும் வடிநீரில் ஊறவைத்தாலோ அது பிழையாகத்தான் காட்டும். அதற்கென்று விற்கும் பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசலில்தான் வைக்க வேண்டும்.

உப்புவெளி_பச்சை:
நேற்றுத்தான் சரிபார்த்தேன் அண்ணா. மீற்றரில் பிழை இல்லை.

கிணத்தடி:
அப்படியென்றால் பிழை தண்ணீரில். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அதுதான் விஷயம். கரையோரக் கிணறுகள் பலவற்றில் அமிலத்தை முறிக்கிற பைகாபனேற்று நிறைய இருக்கும். அமிலம் விட்டவுடன் அது பைகாபனேற்றோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாக மாறுகிறது, அந்த வாயு தண்ணீரில் கரைந்து நிற்கும் வரைக்கும் மீற்றர் 6 என்று காட்டும். இரவு முழுக்கப் பம்ப் தண்ணீரைக் குழாயில் ஓடவிட்டு விழுத்துகிறது அல்லவா, அதில் வாயு பறந்துவிடும், மிச்சமிருக்கிற பைகாபனேற்று பீஎச்சை மேலே இழுத்துவிடும். தேசிக்காய்ப் புளி நிற்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு: அதிலுள்ள சித்திரிக் அமிலத்தைப் பக்டீரியா தின்றுவிடும், தின்றதும் பழைய நிலைதான்.

அதனால் பீஎச் எண்ணைத் துரத்தாமல் காரத்தன்மையை, அதாவது தண்ணீர் எவ்வளவு அமிலத்தை முறிக்கும் என்பதை, அளந்து பாருங்கள். மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில் அதை அளக்கும் கேஎச் சோதனைத் திரவம் கிடைக்கும். பெரும்பாலான கிட்களில் 5 மில்லிலீற்றர் தண்ணீருக்கு ஒரு துளி ஒரு பாகை. ஒரு பாகை என்றால் லீற்றருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமம். எத்தனை துளியில் நிறம் மாறுகிறது என்று சொல்லுங்கள், கணக்குப் போடலாம்.

உப்புவெளி_பச்சை:
கேத்தல் வெள்ளைதான். கிட் வாங்கிவிட்டேன், 12 துளி.

கிணத்தடி:
நான் பயந்ததுதான். 2, 3 பாகையை விட்டுவைத்து மிச்சத்தை அமிலத்தால் தீர்க்க வேண்டும். 85 வீதப் பொஸ்போரிக் என்றால் 100 லீற்றருக்கு ஏறக்குறைய 22 மில்லிலீற்றர் போகும். போட்டால் பீஎச் நிற்கும், ஆனால் அதிலிருந்து மட்டும் லீற்றருக்கு 100 மில்லிகிராம் பொஸ்பரஸ் வந்துவிடும், சலாதுக்கு மொத்தமே 30 இலிருந்து 50 வரை போதும். பொஸ்பரஸ் கூடினால் இரும்பு இன்னும் கிடைக்காமல் போகும், மஞ்சள் கூடும். இரண்டு கிழமையாக நீங்கள் விட்ட அமிலமெல்லாம் அந்தத் தொட்டிக்குள்தான் கிடக்கிறது, ஆகவே அந்தக் கரைசலைக் கொட்டிவிடுங்கள், தென்னைக்கு ஊற்றலாம்.

புதிதாகக் கலக்கும்போது பாதிக் கிணற்று நீர், பாதி மழை நீர். மழை நீரில் காரத்தன்மை இல்லையென்றே சொல்லலாம், கலவை 6 பாகைக்கு இறங்கும், அமிலம் 8, 9 மில்லிலீற்றர் போதும். முதலில் வெறும் தண்ணீருக்கு அமிலம் விட்டு, ஒரு இரவு காற்று மோட்டார் ஓடவிட்டு, விடிய அளந்த பிறகு உரம் போடுங்கள்.

மூதூர்_அக்கா:
இந்த மாதத்தில் மழை நீருக்கு எங்கே போவது? எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பீலியில் பிடித்துத் தாங்கியில் வைத்தால்தான் உண்டு. தம்பி, குழாய்த் தண்ணீர் வருகிறதென்றால் அதையும் கிட்டில் பாருங்கள், குளத்துத் தண்ணீர் பெரும்பாலும் கிணற்றைப் போலக் கடினமாக இருக்காது. ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும்.

அப்புறம் இரும்பு. குருத்து மஞ்சளாவது பயிருக்கு இரும்பு கிடைக்காததால்தான். உரத்தில் இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் சேர்மங்கள்தான் ஈடிடிஏ, டிடிபிஏ. ஈடிடிஏ இரும்பு பீஎச் 6.5க்கு மேலே போனால் நிலைக்காது. டிடிபிஏ இரும்பு கிடைத்தால் அதை வாங்குங்கள், அது 7 வரைக்கும் தாங்கும். மஞ்சளான இலையைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், புதிதாக வரும் குருத்தைப் பாருங்கள். பீஎச் 5.5க்கும் 6.5க்கும் இடையில் ஆடினால் விட்டுவிடுங்கள், ஒவ்வொரு நாளும் திருத்தத் தேவையில்லை. அமிலத்தைத்தான் தண்ணீருக்குள் விட வேண்டும், அமிலத்துக்குள் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். என் கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

உப்புவெளி_பச்சை:
அக்கா, அண்ணா, நன்றி. குழாய்த் தண்ணீர் 4 துளியில் மாறிவிட்டது. பாதிக்குப் பாதி கலந்து நீங்கள் சொன்னபடி செய்தேன், மூன்றாம் நாள் விடிய 6.2. குருத்து கொஞ்சம் பச்சை கட்டுகிறது. ஆனால் மத்தியானம் தொட்டித் தண்ணீர் 31 பாகைக்குச் சூடாகிறது.

கிணத்தடி:
அது அடுத்த ஆபத்து, வேர் அழுகல் வரும். இன்றைக்கே தொட்டியைச் சுற்றி ரெஜிபோம் (வெப்பம் தடுக்கும் வெள்ளை நுரைத் தகடு) கட்டி, மேலே கிடுகு போட்டு மறையுங்கள். வேர் வெள்ளையாக இருக்கிறதா, பழுப்பா? ஒரு படம் போடுங்கள்.