'மிஸ்ஸிங் டிரெக்டரி': தமிழில் என்ன போடலாம்?

ஹட்டன் ஆசிரியை:
வணக்கம். பிஎச்பி என்ற நிரல்மொழி பற்றிய வகுப்புக் குறிப்பு வெள்ளிக்கிழமை போட்டோகொப்பிக் கடைக்குப் போக வேண்டும். எழுதப்போகும் கோப்பை வைக்க வேண்டிய இடமான டிரெக்டரி இல்லாவிட்டால் பிஎச்பி அதை எழுதாது, ஓர் எச்சரிக்கை மட்டும் தரும். இதற்கு 'காணாமற்போன அடைவு' என்று எழுதியிருந்தேன். பின்வாங்குப் பையன் ஒருவன், "டீச்சர், அடைவு கடையில நகையா காணாமப் போச்சு?" என்றான். அடைவு என்றால் இங்கே அடகுதானே, வகுப்பே சிரித்தது.

பதுளை:
'காணாமற்போன' வேண்டவே வேண்டாம், டீச்சர். இந்த நாட்டில் அந்தச் சொல்லின் கனம் வேறு. அதோடு, காணாமற்போக முதலில் இருந்திருக்க வேண்டுமே. இது இன்னும் உருவாகவே இல்லை.

கண்டி:
அடைவைக் கைவிட வேண்டாம். அடைதல், அடைத்தல், அடை எல்லாம் ஒரே வேர். பறவை அடைவதும், பட்டியில் மாடு அடைப்பதும், கோழி அடைகாப்பதும் அதிலிருந்துதான். கோப்புகள் அடையும் இடம் அடைவு. அது பிடிக்காவிட்டால் 'இல்லுறை' என்று வையுங்கள். இல் + உறை, தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டும். இல்லாத உறை.

பதுளை:
சேர், 'இல்' வீடும் ஆகுமே. இல்லுறை தெய்வம் என்றுதான் படிப்பார்கள். பாடநூலில் உள்ள கோப்புறை போதும்: 'இல்லாத கோப்புறை'.

கண்டி:
அது கலைச்சொல் அல்ல, பெயரெச்சத் தொடர்.

நுவரெலியா:
பெயர் எதுவானாலும் முறையைச் சரியாக எழுதுங்கள், டீச்சர். கோப்புறை இருக்கிறதா என்று இஸ்டிர் (is_dir) கட்டளை வைத்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதை உருவாக்க எம்கேடிர் (mkdir). அதன் அடைப்புக்குறிக்குள் மூன்றாவது இடத்தில் ட்ரூ (true, ஆம்) கொடுத்தால் இல்லாத மேல் கோப்புறைகளையும் சேர்த்தே உருவாக்கும். பார்த்ததற்கும் உருவாக்குவதற்கும் நடுவில் இன்னொரு கோரிக்கை அதே கோப்புறையை உருவாக்கிவிட்டால் எம்கேடிர் ஃபால்ஸ் (false, இல்லை) தரும். உடனே பிழை என்று கத்தக்கூடாது. இன்னொரு தடவை இஸ்டிர் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால்தான் பிழை. ஆயிரம் கோப்பை ஒரே கோப்புறைக்குள் எழுதுவதென்றால் இதெல்லாம் சுழலுக்கு (லூப்) வெளியே ஒரே தடவை போதும்.

ஹட்டன் ஆசிரியை:
ஐயோ, அந்த நடுவில் நடக்கும் 'ரேஸ் கண்டிஷ'னுக்கும் சொல் வேண்டுமே!

பதுளை:
பஸ்ஸில் சீட் பிடிக்க லேஞ்சி (கைக்குட்டை) போடுகிற கதைதான். வெளியே நின்று பார்த்தால் சீட் காலி. படியேறி உள்ளே போனால் ஜன்னலால் விழுந்த வேறொருவரின் லேஞ்சி கிடக்கும்.

கண்டி:
'முந்துநிலை' என்று வைக்கலாம். வினைத்தொகை. லேஞ்சி போர்த்துக்கேயம், அதை எழுத வேண்டாம்.

நுவரெலியா:
அலுமாரியும் அப்படித்தான், சேர். உங்கள் வீட்டில் இல்லையா? 'முந்துநிலை' என்றால் என் பிள்ளைகள் வகுப்பில் முதலாம் இடம் என்று நினைப்பார்கள்.

ஹட்டன் ஆசிரியை:
சரி, நாளை கடை திறந்ததும் கொடுக்கிறேன். 'இல்லாத கோப்புறை'க்கு மூன்று பேர், 'இல்லுறை'க்கு சேர் மட்டும். ரேஸ் கண்டிஷனை இப்போதைக்கு அப்படியே விட்டு, பஸ் கதையைக் கீழே போடுகிறேன்.

கண்டி:
லேஞ்சியையாவது கைக்குட்டை ஆக்குங்கள். இல்லுறை பற்றி நாளை விரிவாக எழுதுவேன்.