எஜுகேஷனல் நியூரோசயின்ஸ்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> ‘நரம்பியல் கல்வி’ என்றே வைத்துக்கொள்ளலாமே, சுருக்கமாக இருக்கிறது.

வணக்கம் ஐயா. மூளை எப்படிக் கற்கிறது என்று ஆராய்ந்து, அதைக் கல்விக்குப் பயன்படுத்தப் பார்க்கும் துறை இது. நீங்கள் சொல்லும் பெயர் சுருக்கம்தான், ஆனால் பொருள் மாறிவிடுகிறதே. ‘நரம்பியல் கல்வி’ என்றால் மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் படிப்பது என்றுதான் தோன்றும். ‘கல்வி நரம்பியல்’ என்று திருப்பிப் போட்டாலும் நோயும் சிகிச்சையுமே முன்னால் வந்து நிற்கின்றன.

என் பரிந்துரை ‘கற்றல் மூளையியல்’.

‘கல்வி’யை விட்டதற்குக் காரணம் உண்டு. ஆசிரியர், பாடத்திட்டம், தேர்வு எல்லாம் கல்வியில் அடக்கம். மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்கு இவை எட்டாது. நரம்பணுவிலிருந்து நேராக வகுப்பறைக்குப் பாலம் போட முடியாது, நடுவில் அறிதல் உளவியல் (மனம் எப்படிக் கவனிக்கிறது, நினைவில் வைக்கிறது, சிந்திக்கிறது என்று ஆராயும் துறை) வேண்டும் என்று அமெரிக்க அறிஞர் ஜான் புரூயர் 1997இலேயே எழுதிவிட்டார்.

வாசிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து தோன்றிச் சுமார் 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கென்று மூளையில் பிறவியிலேயே இடம் அமைந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் வாசிக்கப் பழகியவர்களுக்கு மூளையின் இடப்பக்கம், பின்புறத்தில் கீழாக, ஒரு சிறு பகுதி எழுத்துகளுக்கென்றே தேர்ந்துவிடுகிறது. எந்த மொழியானாலும் ஏறக்குறைய அதே இடம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் ஒப்பிட்டு, பிரெஞ்சு மூளை ஆய்வாளர் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த பிறகு படிக்கக் கற்றவர்களிடமும் இந்த மாற்றம் தெரிந்தது. எவ்வளவு நம்பிக்கை தரும் செய்தி! ஆனால் முதல் வகுப்பில் ‘அ’வை எப்படிச் சொல்லித்தருவது என்று அது சொல்லாது. அதை வகுப்பறையில் செய்து பார்த்துத்தான் அறிய வேண்டும்.

இனி நான் அதிகம் எதிர்பார்ப்பது டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாட்டில். பச்சிளம் குழந்தையின் மூளை பேச்சொலிகளுக்குக் காட்டும் மின்துலங்கலுக்கும் பின்னாளில் அது வாசிக்கும் திறனுக்கும் உள்ள தொடர்பைப் பின்லாந்தில் ஆய்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் நம்பிச் சொல்லும் அளவுக்கு இது முதிர்ந்துவிட்டால், பிள்ளை வகுப்பில் தடுமாறி, ‘மக்கு’ என்று பேர் வாங்குவதற்கு முன்பே உதவி தொடங்கிவிடலாம். யாருக்கு உதவி வேண்டும் என்பதை மூளையியல் சொல்லட்டும். எப்படி என்பதை ஆசிரியர் சொல்லட்டும்.

> நியூரோமித் = மூளைத் தொன்மம்?

நியூரோமித் என்பது மூளையைப் பற்றிப் பரவிவிட்ட தவறான நம்பிக்கை. அதற்குத் ‘தொன்மம்’ வேண்டாம் என்பேன். தொன்மம் ஒரு சமூகம் தலைமுறைகளாகப் போற்றி வைத்திருப்பது. பிள்ளைகளை இடமூளைக்காரர், வலமூளைக்காரர் என்று பிரித்து வைப்பதற்கு அந்த மதிப்பு எதற்கு? ‘மூளைக் கட்டுக்கதை’ சரியாக இருக்கும். கேட்டதுமே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் புரிந்துவிடும்.