தாத்தாவப் பத்திப் பேசணும், கொஞ்சம் உதவுங்க

எங்க தாத்தா போன வாரம் தவறிட்டாரு, 91 வயசு. பட்டாளத்துல இருந்து சண்டைக்கும் போயிட்டு வந்தவரு, அப்புறம் கை ஓயுற வரைக்கும் தச்சு வேலைதான். சண்டையப் பத்தி வாயே திறக்க மாட்டாரு, ஆனா உளியத் தீட்டி நகத்துல வச்சு கூர் பாக்குறது எப்படின்னு எனக்கு எத்தனையோ தடவ சொல்லிக் குடுத்திருக்காரு. இப்ப அவரு ஆணி டப்பாவுக்கு அடியில துணில சுத்தி ஒரு மெடல் கிடைச்சுது, விளிம்புல பொடிசா நம்பரும் பேரும் வெட்டியிருக்கு, பாதி தேஞ்சு போச்சு. பாலிஷ் போட்டா மிச்ச எழுத்தும் போயிரும்னு தொடாம வச்சிருக்கோம். இந்த மாதிரி நம்பர வச்சு சர்வீஸ் ரெக்கார்டு வாங்குனவங்க யாராவது இருந்தா என்னென்ன பேப்பர் குடுத்தீங்க, எவ்வளவு நாள் ஆச்சுன்னு சொல்லுங்க ப்ளீஸ். நினைவுக் கூட்டத்துல நான்தான் பேசணும், அவரு பேசாம விட்ட அந்த வருஷங்களும் அதுல வரணும்னு ஆசையா இருக்கு.