நான்காவது இடத்தில் ஹாரிசனா, நேபர்ஸா? (டிராஃப்ட் 2024)

கார்டினல்ஸ் ரசிகன்:
ஏப்ரல் 25 அன்று டெட்ராய்ட்டில் டிராஃப்ட், அதாவது என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து) அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. முதல் மூன்று இடங்களிலும் குவாட்டர்பேக்குகளே (பந்து வீசுபவர்கள்) போவார்கள் என்று பரவலாகப் பேச்சு. அப்படி நடந்தால், நான்காவதாக எடுக்கும் எங்கள் அரிசோனா கார்டினல்ஸ் கையில்தான் முதல் வைட் ரிசீவர் (ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர்). எங்கள் ரிசீவர் மார்க்கீஸ் பிரவுன் கான்சஸ் சிட்டிக்குப் போய்விட்டார். டைட் எண்ட் (தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) டிரே மெக்பிரைடை விட்டால் எங்கள் குவாட்டர்பேக் கைலர் மரே நம்பிப் பந்து வீச ஆளே இல்லை.

ஓஹையோ ஸ்டேட்டின் (பக்கை அணி) மார்வின் ஹாரிசன் ஜூனியர், எல்எஸ்யூவின் (பேட்டன் ரூஜிலுள்ள லூசியானா ஸ்டேட்) மலிக் நேபர்ஸ், வாஷிங்டனின் ரோம் ஒடுன்ஸே. மூவரில் யாரை எடுக்கலாம்? காரணத்தோடு சொல்லுங்கள். ஹாரிசனுடைய அப்பா ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார் என்பதைக் காரணமாகச் சொல்ல வேண்டாம்.

பக்கை ரசிகன்:
ஹாரிசன்தான். அப்பாவைச் சேர்க்காமலே சொல்கிறேன்.

2022இல் 77 கேட்ச், 1,263 யார்டு. 2023இல் 67 கேட்ச், 1,211 யார்டு. இரண்டு வருடமும் 14 டச் டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது). முதல் வருடம் பந்து வீசியவர் சி.ஜே. ஸ்ட்ரவுட். அவர் போன டிராஃப்டில் இரண்டாவது ஆளாகப் போனவர். அடுத்த வருடம் கைல் மெக்கார்ட். நல்ல பையன், ஆனால் ஸ்ட்ரவுட் இல்லை. போதாக்குறைக்கு இன்னொரு ரிசீவர் எமேகா எக்புகாவும் காயத்தால் சில ஆட்டங்கள் வெளியே இருந்தார். பந்து யாருக்கு வரப்போகிறது என்பது எதிரணிக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது, சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் வாக்கில் நான்காவது இடம், எல்லாம் அந்த 2023இல் வந்தவை.

அக்டோபரில் பென் ஸ்டேட்டோடு நடந்த ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். நாட்டின் சிறந்த தடுப்பு அணிகளில் ஒன்றுக்கு எதிராக 11 கேட்ச், 162 யார்டு. நான் பார்க்கச் சொல்வது அந்த எண்ணை அல்ல, அவருடைய காலை. 6 அடி 3 அங்குல ஆள் முழு வேகத்தில் ஓடிவிட்டு நிற்க வேண்டுமானால் பொதுவாக மூன்று நான்கு எட்டு பிடிக்கும். அதற்குள் கார்னர்பேக் (ரிசீவரைக் காவல் காக்கும் எதிராளி) ஒட்டிக்கொள்வான். ஹாரிசன் இடுப்பைத் தாழ்த்தி அப்படியே திரும்பிவிடுகிறார். இந்த உயரத்தில் இதைச் செய்கிறவர் பத்து வருடத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம்.

பேட்டன் ரூஜ் புலி:
பக்கை அண்ணே, ஹாரிசன் பந்தைப் பிடிக்கும் வரை நீங்கள் சொன்னதெல்லாம் சரி. பிடித்த பிறகு?

நேபர்ஸ் அங்கேதான் ஆட்டத்தைத் தொடங்குகிறார். ஐந்து யார்டில் பந்தைக் கொடுத்தால் முதலில் வருகிறவனைத் தாண்டி, இரண்டாமவனை உதறிவிட்டு நாற்பது யார்டு ஓடுகிறார். 2023இல் 89 கேட்ச், 1,569 யார்டு, 14 டச் டவுன். ஓர் ஆட்டத்துக்கு 120.7 யார்டு, நாட்டிலேயே அதிகம். ஹாரிசனுக்கு அது 101 யார்டு. எல்எஸ்யூ வரலாற்றில் அதிக கேட்சும் அதிக யார்டும் இப்போது நேபர்ஸ் பெயரில் இருக்கின்றன. என்எஃப்எல்லின் முன்னணி ரிசீவர்களான ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் ஆடிய கல்லூரி அது.

மார்ச்சில் புரோ டேயில் (கல்லூரியிலேயே நடக்கும் சோதனை நாள்) 40 யார்டை 4.35 வினாடி அளவில் ஓடிக் காட்டினார், 42 அங்குலம் எம்பினார். ஹாரிசன் கம்பைனிலும் (என்எஃப்எல் நடத்தும் சோதனை முகாம்) ஓடவில்லை, புரோ டேயிலும் ஓடவில்லை.

பக்கை ரசிகன்:
ஓடாதது குறையே இல்லை. ஓடினால் அவர் இடம் உயரப்போவதில்லை. பிறகு எதற்குத் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்? அவர் எவ்வளவு வேகம் என்று இரண்டு வருட ஆட்டப்பதிவே சொல்கிறது.

120.7 யார்டு எப்படி வந்தது என்றும் பாருங்கள். பந்து வீசியவர் ஹைஸ்மன் வென்ற ஜேடன் டேனியல்ஸ், 40 டச் டவுன், வெறும் 4 இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த பந்து). எதிர்ப்பக்கம் நின்றவர் பிரையன் தாமஸ் ஜூனியர், 17 டச் டவுன். நாட்டிலேயே அதிக யார்டு குவித்த அணி அது. நேபர்ஸுக்கு இரண்டு பேரைக் காவல் வைத்தால் தாமஸ் ஓடிவிடுவார், தாமஸுக்கு வைத்தால் டேனியல்ஸே ஓடிவிடுவார். ஹாரிசனுக்கு இந்த வசதி எங்கே இருந்தது? அதோடு நேபர்ஸ் பாதி நேரம் ஸ்லாட்டில் (ஓரத்துக்கும் முன்வரிசைக்கும் இடையே) நின்றவர். அங்கே முகத்துக்கு நேரே கைவைத்துத் தடுக்க ஆள் இருக்க மாட்டான்.

பேட்டன் ரூஜ் புலி:
இந்த ஸ்லாட் குற்றச்சாட்டை முன்பும் கேட்டிருக்கிறேன். 2019இல் ஜெஃபர்சன் பெரும்பாலும் ஸ்லாட்டில் ஆடினார். வெளியே நின்றால் தாங்குவாரா என்று 2020 டிராஃப்டுக்கு முன் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். அந்த டிராஃப்டில் ரிசீவர்கள் போன இடங்கள்: ரக்ஸ் 12, ஜூடி 15, லேம்ப் 17, ரேகர் 21, ஜெஃபர்சன் 22. ஐந்தாவது ரிசீவராகப் போனவர் முதல் வருடமே 1,400 யார்டு எடுத்தார். 2022இல் 1,809.

அந்த வரிசையில் இரண்டாவதாகப் போன ஜெரி ஜூடியை எப்படி வர்ணித்தார்கள் தெரியுமா? ரூட் (ரிசீவர் ஓட வேண்டிய பாதை) ஓடுவதில் அவர்தான் அந்த வருடத்தின் கலைஞன் என்றார்கள். டென்வரில் நான்கு வருடத்தில் ஒருமுறைகூட 1,000 யார்டைத் தொடவில்லை. போன மாதம் கிளீவ்லண்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கால் வேலை அழகாக இருந்தால் போதும் என்கிற வாதத்தை அதனால்தான் நான் வாங்குவதில்லை.

நேபர்ஸ் வெளியே நின்றும் ஆடியிருக்கிறார். நவம்பரில் அலபாமாவுக்கு எதிராக 10 கேட்ச், 171 யார்டு. அலபாமாவின் கார்னர்பேக்குகள் டெரியன் ஆர்னல்டு, கூல்-எய்ட் மெக்கின்ஸ்ட்ரி. இருவரும் டிராஃப்டில் சீக்கிரமே போகப்போகிறவர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சியாட்டில்காரன்:
இருவரும் சண்டை போடுவதற்குள் ஒடுன்ஸேவை மறந்துவிட்டீர்கள். 92 கேட்ச், 1,640 யார்டு, நாட்டிலேயே அதிகம். 15 ஆட்டம் ஆடினார் என்பீர்கள். சரி, அணியைத் தேசிய இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனதால்தான் 15 ஆட்டம். ஒரெகனுக்கு எதிராகக் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் வெற்றி டச் டவுனைப் பிடித்தது யார்? 212 பவுண்டு உடம்போடு கம்பைனில் 4.45இல் ஓடியது யார்? மேலே எறிந்த பந்தை எதிராளி தலைக்கு மேல் எடுப்பதில் ஹாரிசனைவிட இவர்தான் கெட்டி.

பக்கை ரசிகன்:
ஒடுன்ஸே எந்த அணிக்குப் போனாலும் நன்றாக ஆடுவார், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கார்னர்பேக்கிடமிருந்து விலகுவதில் மற்ற இருவருக்கும் ஒரு படி கீழே. கல்லூரியில் அவருடைய குவாட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் அந்த இடுக்கில் பந்தைச் செருகினார். அடுத்த கட்டத்தில் எல்லாரும் செருகுவார்களா?

புலி, ஜூடியோடு ஹாரிசனை ஒப்பிடுவது நியாயமில்லை. ஜூடியின் பிரச்சினை ரூட் அல்ல. கைக்கு வந்த பந்தை நழுவவிட்டதும், ஒல்லியான உடம்பும்தான். ஹாரிசனுக்குக் கால் வேலையும் இருக்கிறது, உடம்பும் இருக்கிறது, கையும் இருக்கிறது. கை என்று வந்தால் உங்கள் ஆள் 2022 முதல் ஆட்டத்தில் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் இரண்டு பண்ட்டைத் (எதிரணி உதைத்து அனுப்பும் பந்து) தவறவிட்டதையும், அந்த ஆட்டம் ஒரே புள்ளியில் கைவிட்டுப் போனதையும் பேசலாம்.

பேட்டன் ரூஜ் புலி:
19 வயதுப் பையன், வானத்திலிருந்து சுழன்று வரும் பண்ட். அதை வைத்து ரிசீவர் கையை எடை போட முடியாது. அதே பையன் அடுத்த வருடம் மிசிசிப்பி ஸ்டேட் மைதானத்தில் 13 கேட்ச், 239 யார்டு எடுத்தான். ஒரு தோல்விக்குப் பிறகு ஒருவன் எவ்வளவு வளர்கிறான் என்பதுதான் எனக்கு முக்கியம். மூன்று டச் டவுன் எடுத்தவன் ஒரே வருடத்தில் 14 எடுத்திருக்கிறான். ஹாரிசன் 2022இலேயே முழுமை அடைந்தவர். நேபர்ஸ் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார்.

கார்டினல்ஸ் ரசிகன்:
நல்ல வாதங்கள். ஆனால் எங்கள் குவாட்டர்பேக்கை யாரும் கணக்கில் எடுக்கவில்லையே. மரே 5 அடி 10 அங்குலம். நடுவே ஐந்து ராட்சதர்களுக்கு மேலாகப் பார்த்து வீசுவதைவிட ஓரமாக வீசுவது அவருக்கு எளிது. ஓரத்தில் நின்று, உயரத்தில் பந்தைப் பிடிக்கிற ஆள் வேண்டும். அப்படிப் பார்த்தால் ஹாரிசன்தானே?

பேட்டன் ரூஜ் புலி:
அதே மரே திட்டம் குலைந்ததும் ஓட ஆரம்பிப்பவர். டேனியல்ஸும் அப்படித்தான், போன வருடம் காலாலேயே 1,134 யார்டு எடுத்தார். குவாட்டர்பேக் ஓடும்போது எங்கே போய் நிற்க வேண்டும் என்பது நேபர்ஸுக்குப் பழக்கம். ஸ்ட்ரவுடும் மெக்கார்டும் பாக்கெட்டில் (முன்வரிசையின் காவலுக்குள்) நின்று வீசியவர்கள்.

பக்கை ரசிகன்:
இது ஒன்றுதான் நீங்கள் சொன்னதில் எனக்கு யோசனை தருகிறது. ஆனாலும் ஓர் ஆட்டத்தில் அப்படி உடைந்து ஓடுவது ஐந்தாறு முறை. மீதி முப்பது முறை குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் ஆள் நிற்க வேண்டும்.

சியாட்டில்காரன்:
இருவரும் ஏறக்குறைய சமம் என்றால் நான்காவது இடத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தால் என்ன? மினசோட்டாவிடம் 11, 23 ஆகிய இரண்டு இடங்களும் இருக்கின்றன. குவாட்டர்பேக் தேடி அலைகிறார்கள். அரிசோனாவிடம் ஏற்கெனவே 27 இருக்கிறது. முதல் சுற்றில் மூன்று பேர்.

கார்டினல்ஸ் ரசிகன்:
வேண்டவே வேண்டாம். தன் ரிசீவர்கள் கீனன் ஆலனையும் மைக் வில்லியம்ஸையும் அனுப்பிவிட்ட சார்ஜர்ஸ் ஐந்தில் காத்திருக்கிறது, ஜயண்ட்ஸ் ஆறில், சிகாகோ ஒன்பதில். பதினொன்றுக்குப் போனால் இந்த மூவரில் ஒருவர்கூட மிஞ்ச மாட்டார். நான்கிலேயே இருந்து எடுக்க வேண்டும். என் ஓட்டு ஹாரிசனுக்கு.

பேட்டன் ரூஜ் புலி:
எடுங்கள். சார்ஜர்ஸின் பயிற்சியாளர் இப்போது ஜிம் ஹார்பா. அவருக்கு முதலில் முன்வரிசைத் தடுப்பாட்டக்காரன் வேண்டும். அப்படியானால் நேபர்ஸ் ஆறாவது இடத்துக்கு, நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு வருவார். முதல் வருடக் கேட்சுகளை அங்கே எண்ணிக்கொள்ளலாம்.