கிளட்ச் பெடல் பாதி வரை சும்மா இறங்குகிறது, முழு செட்டும் மாற்றணுமா?

கேள்வி (திருவொற்றியூர்):
வணக்கம். என்னுடையது 2009 மாடல் சின்ன கார், கேபிள் கிளட்ச். தினமும் மணலிக்கு வேலைக்குப் போகிறேன். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள், கிளட்சிலிருந்து காலை எடுக்கவே முடியாது. கொஞ்ச நாளாகப் பெடல் பாதி தூரம் சும்மா இறங்குகிறது. ரிவர்ஸ் போட்டால் ‘கர்ர்’ரென்று சத்தம். பிளேட் தேய்ந்துவிட்டது, முழு செட்டும் மாற்றணும் என்கிறார் மெக்கானிக். மாதக் கடைசியில் அவ்வளவு பணத்தை எங்கே புரட்டுவது? யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் (தண்டையார்பேட்டை):
தம்பி, எஞ்சினை அணைத்துவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அப்போதும் சத்தம் வருகிறதா?

கேள்வி கேட்டவர்:
இல்லை அண்ணே, சுலபமாக விழுகிறது.

பதில் (தண்டையார்பேட்டை):
அப்போ கியர்பாக்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. கிளட்ச்தான் முழுதாக விடுபடவில்லை. இதை நன்றாகக் கவனியுங்கள்: கேபிள் கிளட்சில் பிளேட் தேய்ந்தால் பெடல் ப்ளே, அதாவது பெடல் சும்மா இறங்கும் தூரம், குறையும், அதிகமாகாது. மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி இழுக்காது. உங்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை என்றால், செட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் கேபிளைப் பாருங்கள்.

பெடல் பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி, விரலால் மெல்ல அழுத்துங்கள். இறுக்கம் தட்டும் வரை இறங்கும் தூரம்தான் ப்ளே. பல சின்ன கார்களில் 15 முதல் 25 மி.மீ. இருக்கும், உங்கள் வண்டி மேனுவலில் இருக்கும் அளவே சரி. கியர்பாக்ஸ் மேல் லீவரில் கேபிள் முடியும் இடத்தில் ஒரு நட் இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் அளந்து பாருங்கள். ப்ளே இல்லாமல் இறுக்கிவிடாதீர்கள். கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுற்றிச் சீக்கிரம் போய்விடும், கிளட்சும் வழுக்கும்.

பதில் (ராயபுரம்):
ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது) வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அதில் முதலில் ஆயில் அளவு, கசிவு, லைனில் காற்று இருக்கிறதா என்று பார்க்கணும்.

கேள்வி கேட்டவர்:
அண்ணே, நட்டை இறுக்கப் போனேன். லீவர் கிட்டே கேபிளில் சில இழைகள் அறுந்து, துருப்பிடித்து, துடைப்பக் குச்சி மாதிரி விரிந்து நிற்கின்றன. மீதி இழைகள்தான் தாங்குகின்றன. இப்போதைக்கு இறுக்கி ஓட்டலாமா?

பதில் (தண்டையார்பேட்டை):
வேண்டாம் தம்பி, இறுக்கினால் மீதியும் அறும். எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகளுக்கு நடுவே அறுந்தால் கியரை மாற்றவே முடியாது. கேபிளை மட்டும் மாற்றுங்கள், செட்டை விட ரொம்பக் குறைந்த செலவுதான். நம்ம பக்கம் உப்புக்காற்று, மழைத்தண்ணீர் இரண்டும் உண்டு. அதனால் கேபிளை மூடும் ரப்பர் பூட் (உறை) கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து மாட்டச் சொல்லுங்கள். புது கேபிள் சில நாளில் கொஞ்சம் தளரும், அப்போது ப்ளேவை மறுபடி அளந்துவிடுங்கள்.