மூச்சு வாங்கினால் கோளாறு நுரையீரலில்தானா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செந்தூல், கோலாலம்பூர்

அப்பாவைப் பற்றி எழுதுகிறேன். நாங்கள் இருப்பது லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடி. மார்க்கெட் பையோடு ஒரே மூச்சில் மேலே ஏறுகிறவர், போன வருஷம் ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடியைப் பிடித்து நிற்க ஆரம்பித்தார். முகம் வெளுத்திருந்தது. பக்கத்து வீட்டு அத்தை நெஞ்சுச்சளி என்றார், மாமா வயசாகிவிட்டது என்றார். எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், அதாவது சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள், 8.6. ஆண்களுக்கு 13-க்கு மேல் இருக்க வேண்டும்.

டாக்டரம்மா அடுத்துக் கேட்ட கேள்வி, "ஐயாவுக்கு எத்தனை வருஷமாக இனிப்புநீர் (நீரிழிவு)?" சிறுநீரகப் பரிசோதனைக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். மூச்சுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்டதும், அவர் பொறுமையாக விளக்கியதை இங்கே எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிறுநீரகம் கழிவை வடிகட்டுவதோடு நிற்பதில்லை. தனக்கு வருகிற இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறதா என்று அது உணர்கிறது. குறைந்தால் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது எலும்பு மஜ்ஜையை எட்டியதும் அங்கே சிவப்பணுக்கள் அதிகமாக உருவாகின்றன. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்தான், அதனால் நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் புதிதாகப் பிறந்துகொண்டே இருக்க வேண்டும். செல்கள் ஆக்சிஜனை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் இருவருடைய ஆராய்ச்சி இந்த ஹார்மோனில்தான் தொடங்கியது.

பல வருஷ இனிப்புநீர் அப்பாவின் சிறுநீரகத்தை அரித்திருந்தது. ஹார்மோன் குறைந்தது, சிவப்பணுவும் குறைந்தது. காற்று நுரையீரல் வரை ஒழுங்காகத்தான் வந்தது. வந்து இறங்கிய சரக்கை ஏற்றிப்போக லோரி பற்றாத நிலைமை. அந்தக் குறையை ஈடுகட்ட இருதயம் வேகமாக அடித்தது. சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் சரியாக வெளியேற்றாததால் சாயங்காலத்தில் கணுக்கால் வீங்கியது, இரத்த அழுத்தம் ஏறியது. ஏறிய அழுத்தம் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும், இருதயச் சுவரைத் தடிக்க வைக்கும். இந்தச் சுழற்சிதான் எனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது.

இப்போது அந்த ஹார்மோனையே ஊசியாகப் போடுகிறார்கள். கூடவே இரும்புச் சத்து, அழுத்த மாத்திரை. அப்பா படியில் நிற்பது குறைந்திருக்கிறது. சிறுநீரகம் பழையபடி ஆகாது, அது எங்களுக்குத் தெரியும்.

பினாங்கு

அக்கா, உங்கள் அப்பா நலமாக இருக்கட்டும். என் அனுபவம் தைப்பூசத்தில் நடந்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள். பால்குடத்தோடு ஒரு தம்பி திடமாக ஏறி வந்தார், மேலே வரிசையில் நின்றதும் சரிந்து விழுந்தார். ஏறும்போது வராத மயக்கம் நின்ற பிறகு ஏன் வர வேண்டும்?

அங்கே தொண்டு செய்துகொண்டிருந்த ஒரு மிஸ்ஸி (தாதி) அவரைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தினார். கொஞ்ச நேரத்தில் கண் திறந்துவிட்டார். காரணத்தை மிஸ்ஸி பிறகு சொன்னார். ஓய்வில் இருதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அனுப்புகிறது, படியேறினால் அது பல மடங்காகும். அவ்வளவும் திரும்பி வர, கெண்டைக்கால் தசைகள் ஒவ்வொரு அடியிலும் இரத்தக் குழாய்களைப் பிழிந்து மேலே தள்ள வேண்டும். சட்டென்று நின்றால் அந்தப் பிழிதலும் நின்றுவிடும். தசையிலும் தோலிலும் குழாய்கள் விரிந்தே கிடப்பதால் இரத்தம் காலில் தேங்கும், மூளைக்குப் போவது குறையும்.

வழக்கமாக, கழுத்துத் தமனியில் உள்ள உணர்வு நரம்புகள் அழுத்தம் இறங்குவதை மூளைக்குச் சொல்லிவிடும், உடனே இருதயம் வேகமாகும், குழாய்கள் சுருங்கும். ஆனால் அந்தத் தம்பி விரதம், நிறைய வியர்த்திருந்தார், உடம்பில் நீர் குறைந்திருந்தது. நம்ம ஊர் ஈரக்காற்றில் வியர்வை லேசில் காயாது, காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அதனால் சூட்டைத் தணிக்க இன்னும் அதிக இரத்தம் தோலுக்குப் போகிறது.

எனவே மயங்கியவரைத் தயவுசெய்து தூக்கி உட்கார வைக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். படுக்க வையுங்கள், காற்று விடுங்கள். சீக்கிரம் தெளியாவிட்டாலோ நெஞ்சு வலித்தாலோ 999-க்கு அழையுங்கள். மேலே போய்ச் சேர்ந்தவர்கள் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தால் நல்லது.

கிள்ளான்

செந்தூல் அக்கா, எங்கள் அம்மாவுக்கும் இனிப்புநீர். சிறுநீரகத்துக்கு என்ன பரிசோதனை கேட்க வேண்டும்?

செந்தூல், கோலாலம்பூர்

தம்பி, இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம். வருஷத்துக்கு ஒரு முறையாவது இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கிரியாட்டினின் சரியாக இருக்கும்போதே அல்புமின் கசிய ஆரம்பித்திருக்கலாம், அந்தக் கட்டத்தில் பிடித்தால் மருந்து நன்றாகக் கேட்கும். அம்மாவுக்கு முகம் வெளுப்பு, கால் வீக்கம் ஏதாவது இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.